டோகாய் ஊர்ச் சாமந்தி

டோகாய், ஹங்கேரி
29-12-2004

அன்புள்ள அக்காவுக்கு,

இசைவாணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். இந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிடுங்கள்.

இங்கே தொலைக்காட்சியில் கடலூரைக் காட்டுகிறார்கள். கவிழ்ந்த படகுகளுக்கு நடுவே பச்சைப் புடவையில் யாரோ ஒரு அம்மாள் நிற்கிறாள். அது நீங்கள் இல்லை என்று தெரிந்தும், அந்தப் படம் மறுபடி வருமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். செம்மண்டலம் கடலிலிருந்து உள்ளே தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் தேவனாம்பட்டினத்துக்கு மீன் வாங்கப் போவீர்கள். அலையும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வந்திருக்கிறது. நீங்கள் வேலை பார்க்கிற பஸ் டெப்போ ஆபீசுக்கு ஃபோன் பண்ணினேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை.

எங்கள் கல்யாணத்தன்று ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நீங்கள் சொன்னது இந்த மூன்று வருஷமும் காதிலேயே இருக்கிறது. "சாராயம் விக்கிற வீட்டுக்குப் போறவ எனக்குத் தங்கச்சி இல்ல." சரி, அப்படியே இருக்கட்டும். தெரிந்தவள் ஒருத்தி விசாரிக்கிறாள் என்று நினைத்தாவது, நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அம்மா அப்பா போன பிறகு என்னை வளர்த்தது நீங்கள். நான் வேறு யாரைப் போய்க் கேட்பது?

இசைவாணி


செம்மண்டலம், கடலூர்
14-1-2005

வாணிக்கு,

உசுரோட இருக்கேன். அன்னைக்கு மீன் வாங்கப் போவல. தலைவலின்னு படுத்துட்டேன். நான் எப்பவும் மீன் வாங்குவேனே மீன்காரம்மா, சின்னப்பிள்ளைன்னு, அவ அலையில போயிட்டா. அவ வீடு இருந்த எடத்துல இப்ப வெறும் மணலு. டெப்போ வண்டி எல்லாம் ஜனத்த ஏத்திக்கிட்டு வரப் போச்சி. நானும் ஆபீஸ்ல உக்காரல, கல்யாண மண்டபத்துல சோறு போட்டுக்கிட்டு இருந்தேன். அதான் ஃபோன எடுக்க ஆளில்ல.

இனிமே ஃபோன் பண்ணாத. உன் குரலக் கேட்டா அழுவேனா திட்டுவேனான்னு எனக்கே தெரியல. லெட்டர் போடு. படிக்கிறேன். பதில் போடுவேன்னு எதிர்பாக்காத.

கொளஞ்சியம்மாள்

அதென்ன நீங்க, நாங்கன்னு எழுதற? நான் என்ன உனக்கு ஹெட்மாஸ்டரா?


டோகாய்
23-10-2005

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடி 'நீ' என்றே எழுதுகிறேன். பதில் எதிர்பார்க்காதே என்றாய். எதிர்பார்க்காமல் இது நாலாவது கடிதம்.

இந்த முறை ஊரைப் பற்றி எழுதுகிறேன். இப்போது என் வேலையே அதுதான். வெளியூர்களிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய் டோகாயைச் சுற்றிக் காட்டுகிறேன். இரண்டு ஆறுகள் கலக்கிற இடத்தில் ஒரு மலை, அதன் அடியில் இந்தச் சின்ன ஊர். பல நூறு வருஷமாகத் திராட்சைதான் இதற்குச் சோறு போடுகிறது. ராஜாக்களின் விருந்துக்கெல்லாம் இங்கிருந்துதான் ஒயின் போனதாம். புடவைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு தமிழச்சி ஹங்கேரி மொழியில் ஹங்கேரி சரித்திரத்தைச் சொல்வதைப் பார்த்து முதலில் சிரிப்பார்கள். பிறகு கேட்பார்கள்.

இந்த மாதத்தில் விடிகாலையில் ஆற்றிலிருந்து மூடுபனி எழுந்து கொடிகளை மூடிக்கொள்ளும். அதில் பழத்தின் மேல் ஒரு பூஞ்சை பிடிக்கும். நாம் என்றால் குப்பையில் கொட்டியிருப்போம். இவர்கள் அதற்காகத்தான் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறார்கள். பழம் கொடியிலேயே சுருங்கி திராட்சை வற்றலாகும். அதை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தால்தான் அந்த இனிப்பு ஒயின். மிஹாயும் அவன் அம்மா இலோனாவும் விடிந்தால் கொடியில்தான். என் மாமனார் நான் வருவதற்கு முன்பே நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, அதனால் எல்லாம் இவர்கள் தலையில்.

பனியைப் பார்த்தால் எனக்கு மார்கழிச் சிதம்பரம்தான் ஞாபகம் வருகிறது. ஹாஸ்டலில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். மாமா முதல் டிரிப் கடலூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து, பஸ்ஸைப் போட்டுவிட்டு, காக்கிச் சட்டையோடு ஹாஸ்டல் வாசலில் டப்பாவோடு நிற்பார். "உங்க அக்கா இட்லிக்குக் கொத்சு வெச்சிருக்கா. சூடு ஆறறதுக்குள்ள தின்னு. நான் நிக்க முடியாது, டைம் கீப்பர் கத்துவான்." என் சிநேகிதிகளுக்கும் சேர்த்துத்தான் நீ அனுப்புவாய். வாட்ச்மேன் அவரை என் அப்பா என்றே நினைத்திருந்தான். நான் திருத்தவே இல்லை.

மிஹாய் சிதம்பரத்தில் தமிழ் படித்தபோது எழுதிய அந்தப் பழைய இலக்கண வகுப்பு நோட்டோடு சுற்றுவதை இன்னும் நிறுத்தவில்லை. உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னான்.

வாணி


செம்மண்டலம்
11-12-2005

வாணிக்கு,

மழை ரொம்ப ஜாஸ்தி. கெடிலம் ஆறு ரோட்டு மேல ஓடுது. ஆபீஸ் லீவு. அதனால எழுதறேன்.

நீ டப்பாவ மட்டும் எழுதியிருக்க. நீ பாத்தது காலையில டப்பாவோட வர்ற உன் மாமா பழனிவேல. நான் பாத்தது ராத்திரி வர்ற பழனிவேல. ரெண்டும் ஒரே ஆளுதான். காலையில அந்த மனுசன் மாதிரி ஒருத்தர் கெடையாது, அத நானே சொல்றேன். டூட்டி முடிஞ்சா கால் தானா கடைக்குப் போவும். வாரம் ஒருக்கா வேற ஆளு தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல போட்டுட்டுப் போவான். வண்டியில ஏறும்போது குடிச்சதே இல்லன்னு பெருமை வேற. கடைசியில வயிறு வீங்கி, கண்ணு மஞ்சளாயி, ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சிக்கிட்டு, "கொளஞ்சி, ஒரே ஒரு வாய்" அப்டின்னாரு. தண்ணி கேக்கறாருன்னு டம்ளர எடுத்தேன். தண்ணி இல்ல அவரு கேட்டது.

நாப்பத்தி மூணு வயசுல தாலிய எறக்கி வெச்சிட்டு அவரு டெப்போவுலயே கருணை வேலையில போயி உக்காந்தேன். உன் படிப்பு நிக்கக் கூடாதுன்னு. நீ படிச்சி முடிச்சி, ஒரு வெள்ளக்காரனக் கூட்டிக்கிட்டு வந்து நின்ன. ஜாதி கேக்கல, மதம் கேக்கல. குடும்பம் என்ன தொழில் பண்ணுதுன்னு மட்டும் கேட்டேன். நீ சிரிச்சிக்கிட்டே சொன்ன.

ராஜா குடிச்சாலும் அது அதுதான்டி. நீயும் டம்ளரத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் பக்கத்துல உக்காரணுமான்னுதான் நெனைப்பேன். கோவம்னு நீ நெனைக்கற. கோவம் இல்ல.

கொளஞ்சி


டோகாய்
2-9-2006

அன்புள்ள அக்கா,

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சிந்துஜா என்று பேர் வைத்திருக்கிறோம். பிரசவத்தின்போது வலி தாங்காமல் உன் பேரைச் சொல்லிக் கத்தினேனாம். நர்ஸ் மிஹாயிடம் "கொலான்சி என்றால் என்ன" என்று கேட்டிருக்கிறாள். "அம்மா" என்று சொல்லிவிட்டான்.

நீ வா அக்கா. ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுத் திட்டு. பார்க்காமல் திட்டாதே.

வாணி


செம்மண்டலம்
6-7-2009

வாணிக்கு,

குழந்தை ஃபோட்டோ எல்லாம் வந்துச்சி. பீரோ கதவுல ஒட்டியிருக்கேன். மூணு வருசமா நீயும் கூப்புட்டுக்கிட்டே இருக்க, நானும் மாட்டேன்னு எழுதிக்கிட்டே இருக்கேன்.

போன வாரம் ஆபீசுக்கு ஒரு பொண்ணு வந்தா. மணவாளன்னு ஒரு டிரைவர், சின்னப் பையன், குடிச்சே செத்துட்டான். அவன் பொண்டாட்டி வேலைக்கு மனு குடுக்க வந்தா. கூட அவ தங்கச்சி, பாவாடை சட்டையில. அக்கா எங்க கையெழுத்துப் போடறதுன்னு முழிச்சா, தங்கச்சி வெரல வெச்சிக் காட்டுச்சி. எனக்கு நம்ம ஞாபகம் வந்துடுச்சி. நான் வேலைக்கு மனு குடுத்த அன்னைக்கு நீயும் அப்படித்தான் என் பக்கத்துல நின்ன. அதுக்கப்புறம் எங்கிட்ட நின்னவ வேற யாரு?

லீவு எழுதிக் குடுத்துட்டேன். பாஸ்போர்ட்டுக்கும் குடுத்திருக்கேன். அக்டோபர்ல வரேன். கடை கண்ணியப் பாக்க வரல, உன்னப் பாக்க வரேன். எவனாவது என் எதிர்ல டம்ளர நீட்டினா அடுத்த பிளேன்ல ஏறிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்.

கொளஞ்சி


செம்மண்டலம்
22-11-2009

வாணி கண்ணுக்கு,

நல்லபடியா வந்து சேந்துட்டேன். வீட்டத் தொறந்தா ஒரே ஒட்டடை. பெருக்கிட்டு உக்காந்து எழுதறேன். ஏர்போர்ட்டுல திரும்பிப் பாக்காம உள்ள போயிட்டேன். பாத்திருந்தா ஏறியிருக்க மாட்டேன்.

உன் ஊர என்னன்னு சொல்றது. ஆபீஸ்ல எல்லாரும் சுத்தி நின்னுக்கிட்டு சொல்லு சொல்லுன்றாங்க. மஞ்ச மஞ்சயா வீடு, கல்லு பாவின தெருவு, நடுவுல கோயில் கோபுரம் மாதிரி சர்ச்சு, பின்னால மலை பூரா கொடி செவந்து நிக்கிதுன்னேன். கம்பத்து மேல கூடை கூடையா நாரைக் கூடு, நாரை எல்லாம் குளிருக்குப் பயந்து தெக்க போயிடுச்சி, நான்தான் பைத்தியக்காரி, தெக்க இருந்து அங்க போனேன்னு சொன்னேன். சிரிக்கிறாங்க. ரெண்டு ஆறு சேர்ற எடத்துல நின்னப்ப ஒரு தண்ணி பச்சையாவும் ஒண்ணு சேறாவும் கொஞ்ச தூரம் ஒட்டாமயே போச்சே, அத மட்டும் சொல்லத் தெரியல.

நீ அந்த வெள்ளக்காரங்கள எல்லாம் பின்னால கூட்டிக்கிட்டு நடக்கற, நான் மங்கி கேப்ப மாட்டிக்கிட்டு கடைசியில வரேன். நீ என்ன சொல்றன்னு ஒரு எழுத்து புரியல. ஆனா நீ நின்னா எல்லாரும் நிக்கிறாங்க. நான் வளத்த பொண்ணுன்னு அந்த ஜெர்மன்காரம்மாகிட்ட தமிழ்லயே சொன்னேன். அவளும் தலைய ஆட்டுனா.

ஒயின் பீப்பாய் வெச்சிருக்கற சுரங்கத்துக்குள்ள எறங்க மாட்டேன்னு நான் அடம் புடிச்சது ஞாபகம் இருக்கா. உன் புருசன்தான், "அக்கா, உள்ள வாங்க, நாத்தம் இருக்காது, நான் பொறுப்பு"ன்னு இழுத்துக்கிட்டுப் போனாரு. அவரு தமிழு உன் தமிழ விட நல்லா இருக்குது. சுவரெல்லாம் கரி புடிச்ச அடுப்படி மாதிரி கருப்பா பூஞ்சை, தொட்டா பஞ்சு. பீப்பாய் பீப்பாயா அடுக்கு. வந்தவங்க எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தாரு. நான் செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன். அப்புறம் திரும்பிப் பாத்தா உன் புருசன் வாய்ல வெச்சாரு, கொப்புளிச்சாரு, பக்கத்துல வாளியில துப்பிட்டாரு. இன்னும் ரெண்டு பேரும் துப்பறாங்க. நீ அத சாதாரணமா சொல்ற, "ருசி பாத்தா போதும்க்கா, தெனம் முழுங்கினா தொழில் பண்ண முடியாது"ன்னு.

நான் வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்துட்டேன். குளிருதுன்னு நீ நெனச்ச. குளிர் இல்லடி. துப்பலாம்னு ஒண்ணு இருக்குதுன்னே எங்களுக்குத் தெரியாது. எங்க ஊர்ல வாய்க்குப் போனது எதுவும் திரும்பி வரல.

இப்ப நான் எழுத நெனச்சதுக்கு வரேன். நீ பாப்பாவையும் கூட்டிக்கிட்டு ஊரு சுத்திக் காட்டப் போன அன்னைக்கு நான் தனியா மார்க்கெட்டுக்குப் போனேன். எங்க பாத்தாலும் சாமந்தி. வெள்ளை, மஞ்ச, ஊதான்னு தொட்டி தொட்டியா. நம்ம ஊர்ல பொங்கலுக்குக் கூட அவ்ளோ வராது. எனக்கு சந்தோசம் தாங்கல. நான் பூ வெச்சி எவ்ளோ வருசம் ஆச்சு, எனக்கு வேணாம், உன் மாமியாருக்கு வாங்கலாம்னு ஒரு பெரிய கொத்து வாங்கியாந்து அவுங்க கையில குடுத்தேன். அந்தம்மா மொகம் அப்டியே நின்னு போச்சி. உங்க ஊர்ல சாமந்தி செத்தவங்களுக்கு மட்டுந்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?

அவுங்க கோச்சிக்கல. கோட்ட மாட்டினாங்க, பூவக் கையில எடுத்தாங்க, என் கையப் புடிச்சிக்கிட்டு நடந்தாங்க. கல்லறைக்கு. அன்னைக்கு செத்தவங்கள நெனைக்கிற அவுங்க திருநாளு, எல்லாக் கல்லறையிலயும் மெழுகுவத்தி, ஜனம். உன் மாமனாரு கல்லுகிட்ட நின்னு பூவ வெச்சிட்டு என்னப் பாத்தாங்க. அப்புறம் கட்டை வெரல வாய்கிட்ட கொண்டாந்து சாய்ச்சிக் காட்டுனாங்க. ஒரு தடவ இல்ல. வயித்தத் தொட்டுக் காட்டுனாங்க. கண்ணக் கீழ இழுத்துக் காட்டுனாங்க. அப்புறம் என்னக் காட்டி, "நீயுமா"ன்ற மாதிரி கேட்டாங்க. நான் தலைய ஆட்டுனேன்.

நெஞ்சுவலின்னு எனக்கு எழுதியிருந்தியேடி.

ரெண்டு பேரும் அங்கயே ஒரு பெஞ்சுல உக்காந்துட்டோம். அவுங்க அவுங்க பாஷையில பேசறாங்க, நான் கடலூர் பாஷையில பேசறேன். இத்தினி வருசத்துல நான் யாருகிட்டயும் அவ்ளோ பேசினதில்ல. இங்க சொன்னா பாவம்பாங்க, இல்ல நீ சரியா பாத்துக்கலம்பாங்க. அந்தம்மா என் கைய அவுங்க கோட்டுப் பைக்குள்ள விட்டுக்கிட்டாங்க, குளிருக்கு.

உம் மேல கோவம் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம எழுது. ஜனம் பாக்கும்போது உன் புருசன் துப்பறாரு. ஜனம் போனப்புறம்?

கொளஞ்சி


டோகாய்
13-12-2009

அன்புள்ள அக்கா,

கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். அத்தையும் நீயும் அன்று இருட்டிய பிறகு மூக்கெல்லாம் சிவந்து வந்து, நேரே உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

மாமனார் விஷயம் கல்யாணத்துக்கு முன்னாலேயே மிஹாய் எனக்குச் சொன்னான். அதனால்தான் அவனைக் கட்டிக்கொண்டேன் என்றால் உனக்குக் கோபம் வரும். மாமா இறந்தபோது சிதம்பரத்தில் எங்கள் துறையில் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அவன் மட்டும் அதைச் சொல்லாமல், கீழ வீதியில் தொடங்கி நாலு வீதியையும் தேர் சுற்றுகிற மாதிரி என்னோடு சுற்றி வந்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது. உனக்கு எழுதினால் நீ என்றைக்கும் வரமாட்டாய் என்று பயந்தேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ராத்திரி சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் குடிப்பான். அதற்கு மேல் அவன் போனதை இதுவரை பார்க்கவில்லை. குடித்துவிட்டு விழுந்து கிடந்த அப்பாவை வாசலிலிருந்து அவன் உள்ளே இழுத்துப் போட்ட வீடு இது, அவனுக்கு மறக்காது. ஆனால் எனக்குப் பயமே இல்லை என்று எழுதினால் அது பொய். ஒவ்வொரு அறுவடையிலும் கொஞ்சம் பயப்படுகிறேன். ஒரு வருஷம் ஆலங்கட்டி மழை கொடியை எல்லாம் அடித்துப் போட்டது. அன்று ராத்திரி முழுக்க அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து பால் காய்ச்சிக் குடித்துவிட்டுப் படுத்தான்.

நீ பயந்தாய் என்பதைக் கோபம் என்று நினைத்து இத்தனை வருஷம் வீணாய்ப் போய்விட்டது. சிதம்பரத்தில் உன்னோடு தரிசனத்துக்கு நின்ற ஆருத்ரா எல்லாம் நினைவு வருகிறது. கூட்டத்தில் என் பின்னலைப் பிடித்துக்கொண்டே நடப்பாய். வலிக்கும். விடச் சொன்னால் விடமாட்டாய்.

அத்தை தினமும் உன் பேரைச் சொல்கிறாள்.

வாணி


டோகாய்
8-1-2012

அன்புள்ள அக்கா,

தானே புயல் என்று செய்தியில் கேட்டதிலிருந்து உன் நம்பரை அடித்து அடித்து, நேற்றுத்தான் லைன் கிடைத்தது. நீ பேசினது பாதி கேட்கவில்லை. கூரை ஷீட் பறந்துவிட்டது, கரண்ட் இல்லை, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடக்கிறது, நீ ஆபீசில் படுத்துக்கொள்கிறாய், இவ்வளவுதான் கேட்டது. அதுவே போதும் என்று அழுதுவிட்டேன்.

நான் பேசுவதை அத்தை பக்கத்தில் நின்று கேட்டாள். பேசி முடித்ததும் அலமாரியின் மேலிருந்து பெட்டியை இறக்கினாள். "கொலான்சி தனியாக இருக்கிறாள், நான் போகிறேன்" என்கிறாள். எழுபத்தோரு வயது. இந்த நாட்டைத் தாண்டினது இல்லை. மிஹாய்க்குப் பிப்ரவரியில் சிதம்பரத்தில் பழைய ஆசிரியரைப் பார்க்கிற வேலை இருக்கிறது. அவன் கூட்டி வந்து விட்டுவிட்டு, கொடி வெட்ட மார்ச்சுக்குள் திரும்ப வேண்டும். சிந்துஜாவுக்குப் பள்ளிக்கூடம், என்னால் இப்போது வர முடியாது. அத்தை காரம் சாப்பிட மாட்டாள். வெயில் தாங்குவாளா தெரியவில்லை. உன் வீட்டுக்கே இன்னும் கூரை இல்லை. வேண்டாம் என்றால் சொல்லிவிடு, நான் பேசிக்கொள்கிறேன்.

வாணி


செம்மண்டலம்
16-3-2012

வாணி கண்ணுக்கு,

உன் மாமியாரு பக்கத்துல உக்காந்து நெலக்கடலை உரிச்சிக்கிட்டு இருக்காங்க. காரம் திங்க மாட்டாங்கன்னு எழுதுன. அதுல அரைச்ச மல்லாட்டைச் சட்னி ரெண்டு கரண்டி போட்டுக்கறாங்க.

ஊரு சுத்திக் காட்டறது இப்ப என் முறை. உன்ன மாதிரி சரித்திரம் சொல்லத் தெரியாது. மாப்ள இருந்த வரைக்கும் அவரு சொன்னாரு. சிதம்பரத்துல நீ படிச்ச எடம், ஹாஸ்டல் வாசல், கீழ வீதி எல்லாம் காட்டினாரு. கோயில்ல அந்தம்மா ஆயிரங்கால் மண்டபத்துக்கிட்ட செருப்பில்லாம சூட்டுல தத்தித் தத்தி ஓடுச்சி பாரு, எனக்கு சிரிப்பு தாங்கல. பிச்சாவரத்துல படகு. தண்ணிக்குள்ள மரம் நிக்கிறத பாத்துட்டு மரத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. திருவதிகையில புயல்ல சாஞ்ச மரத்த எல்லாம் இன்னும் அறுத்துக்கிட்டே இருக்காங்க. பலா மரம் ஒண்ணு வேரக் காட்டிக்கிட்டு கெடந்துச்சி. அதுக்குச் சொந்தக்காரரு பக்கத்துல சும்மா உக்காந்திருந்தாரு. உன் மாமியாரு போயி அவரு பக்கத்துல உக்காந்துட்டாங்க. ஆலங்கட்டி மழை பத்தி நீ எழுதினியே, அத நெனச்சிருப்பாங்க போல.

மாப்ள ஊருக்குப் போன மறுநாளு, செவுத்துல இருந்த உங்க மாமா ஃபோட்டோவ அந்தம்மா எறக்கித் தொடைச்சாங்க. கேட்டாங்க, "ஹோல்?" எங்கன்னு அர்த்தம், அந்த வார்த்த எனக்குத் தெரியும். நான் மேல காட்டுனேன். இல்ல இல்லன்னு தலைய ஆட்டி, தரையக் காட்டுனாங்க. எங்க வெச்சிருக்கீங்கன்னு கேக்கறாங்க. எரிச்சிட்டோம், ஆத்தோட போச்சின்னு சாடையில சொன்னேன். சரி, அங்க போவலாம்னு பெட்டியில இருந்து ஒரு மெழுகுவத்திய எடுத்துக்கிட்டு செருப்ப மாட்டிட்டாங்க.

நம்ம சாதியில பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போற வழக்கம் இல்லன்னு உனக்குத் தெரியும். அன்னைக்குத் தெரு முனையோட என்ன நிறுத்திட்டாங்க. கெடிலக்கரையில எந்த எடம்னுகூட எனக்குத் தெரியாது. அத அந்தம்மாவுக்கு எப்படி விளக்கறது? ஆட்டோ புடிச்சேன். அங்க இருந்த ஆளு, "யாரும்மா, என்னா வேணும், இங்கல்லாம் வரக் கூடாது"ன்னாரு. அப்புறம் வெள்ளக்காரம்மா கையில மெழுகுவத்தியப் பாத்துட்டு வழி விட்டாரு. எந்த எடம்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். "எல்லாம் ஒரே எடந்தாம்மா"ன்னு கொட்டகையக் காட்டிட்டு தள்ளிப் போயிட்டாரு.

உன் மாமியாரு மணல்ல குழி பறிச்சி மெழுகுவத்திய நட்டாங்க. காத்துக்கு என் முந்தானையப் புடிச்சி மறைச்சிக்கிட்டு ஏத்துனாங்க. சிலுவ போட்டுக்கிட்டாங்க. அப்புறம் என்ன முன்னால தள்ளிட்டு அவுங்க பத்தடி பின்னால போயி நின்னுட்டாங்க.

எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. திட்டணும்னு எத்தினியோ வச்சிருந்தேன். வாயத் தொறந்தா வேற வருது. ஷீட்டு பறந்துடுச்சி, புதுசு போட்டாச்சின்னு சொன்னேன். வாணி பொண்ணு உன்ன மாதிரியே எடது கைக்காரின்னு சொன்னேன். எனக்கு இந்த வருசம் ரிட்டயர்மெண்ட்டு, உன் டெப்போவுல பதினஞ்சு வருசம் ஓட்டிட்டேன், ஒரு மெமோ வாங்கலன்னு சொன்னேன். சும்மா வேலை முடிஞ்சி வந்த மனுசன்கிட்ட சொல்ற மாதிரி. அழுதேன்டி. அவரு செத்தப்பகூட நான் கோவத்துலதான் அழுதேன். இது அப்படி இல்ல.

திரும்பி வரும்போது உன் மாமியாரு பூக்கடையில ஆட்டோவ நிறுத்தச் சொன்னாங்க. சாமந்தி வாங்கி எனக்குக் குடுத்தாங்க. இங்க அதுக்கு அர்த்தம் வேறன்னு அவுங்களுக்கு நெனப்பு இருக்கா இல்லியான்னு தெரியல. நான் ஃபோட்டோவுக்குப் பாதி வெச்சேன். மீதிய சாமி ரூம்ல வெச்சேன்.

அடுத்த வாரம் அவுங்களுக்கு டிக்கெட்டுன்னு மாப்ள எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காரு. அத மாத்து. இங்க பலாப்பழம் இந்த வருசம் கம்மி, இருந்தாலும் மே மாசம் ஒண்ணு ரெண்டு வரும், அவுங்க தின்னு பாக்கணும். கொடிய நீங்க வெட்டிக்குங்க. அவுங்கள நான் இப்ப அனுப்பறதா இல்ல. பாப்பாவுக்கு லீவு உட்டதும் நீயே வந்து கூட்டிக்கிட்டுப் போ.

அக்கா
கொளஞ்சி